ஐப்பசியில் லீவு

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் தின்று, டி.வி.யில் புதுப்படம் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவீர்கள். நானும் அப்படித்தான். 2018 தீபாவளிக்கு மட்டும் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. அப்பாவையும் அழைத்துக்கொண்டு கொடைக்கானல் பக்கம் ஒரு நாலு நாள் போய்வரலாம் என்று கூடத்தில் வைத்து அறிவித்துவிட்டேன்.

"எப்ப?" என்றார் அப்பா.

"இப்பதான்ப்பா. அடுத்த வாரம்."

"ஐப்பசியிலயா?"

பந்தியில் உட்கார்ந்து இலை போட்ட பிறகு 'எனக்கு இன்னிக்கு விரதம்' என்று சொல்கிறவனைப் பார்ப்பார்களே... அப்படிப் பார்த்தார்.

எங்கள் ஊர் நெரவி. காரைக்காலிலிருந்து அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் நாங்கள். காரைக்கால் என்பதே ஒரு வேடிக்கையான பூகோளம். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் புதுச்சேரி அரசாங்கம். 1954 வரைக்கும் பிரெஞ்சுக் கொடி. கொடி எதுவாக இருந்தாலும் விவசாயிக்கு ஒன்றுதான். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் எங்கள் இடம். புயல் முதலில் வந்து சேரும் இடமும் அதுவே.

அதனால் ஐப்பசி எங்களுக்கு லீவு மாதம் கிடையாது. சம்பா நட்டு முடித்திருப்பார்கள். வானம் எந்த நேரம் என்ன செய்யும் என்று தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு மழை வலுத்தால் அப்பா எழுந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வரப்பை வெட்டி வடிய விடவேண்டும். ஆறு மா நிலம்தான். ஏக்கர் கணக்கில் இரண்டு. ஆனால் அவர் அதற்குக் கொடுக்கிற மரியாதையைப் பார்த்தால் அறுநூறு வேலி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எனக்கு ஏன் இந்த ஐப்பசிப் பித்து என்று சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் ஒரு சொல்தா தாத்தா.

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்போம். பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும். எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தா சைகோனில் இருந்தவர், கொஞ்ச காலம் பிரான்ஸிலும் இருந்தவர். பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் 'இலையுதிர்காலம்' என்று ஒரு சொல் வரும். எங்கள் ஊரில் அது எந்த மாதம் என்று வாத்தியாருக்கே தெரியாது. பண்டைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். குளிர்ந்த காற்றின் காலம். அதில் இலை உதிர்வதைப் பற்றிப் பேச்சில்லை. தாத்தாவிடம் போய்க் கேட்டோம்.

"இலையெல்லாம் மஞ்சளாவும். அப்புறம் செவப்பாவும். ஒருநா காத்து வரும், மரமே மொட்டையாயிடும்."

"புயலா தாத்தா?"

"புயல் இல்லடா. சும்மா காத்து."

எங்களால் நம்ப முடியவில்லை. புயல் இல்லாமல் மரம் எப்படி மொட்டையாகும்?

வியட்நாமில் தலாத் என்று ஒரு மலையூர் உண்டாம். 1893-ல் யெர்சின் என்ற டாக்டர் அந்த மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, வெயில் தாங்காத பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு அங்கே ஊரைக் கட்டினார்கள். அதிகாரிகள் லீவில் அங்கே போவார்கள். தாத்தா அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "நாலு நா அவனுங்க சும்மா உக்காந்திருந்தானுங்க. அதுக்குப் பேருதான் லீவு" என்பார். அந்த வாக்கியம் எனக்குள் எங்கோ தங்கிவிட்டது. அப்பா சும்மா உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆனது. அம்மா 2016-ல் போய்விட்ட பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. மாட்டை யார் பார்ப்பார்கள் என்றார். அக்கா திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறாள், அத்தான் வந்து பார்த்துக்கொள்வார் என்றேன். வயலை யார் பார்ப்பார்கள் என்றார். அதற்கும் அத்தான்தான் என்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"16-ஆம் தேதி கடைமுழுக்கு. அதுக்குள்ள திரும்பிடணும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசியில் கங்கை உள்பட எல்லா நதிகளும் மாயூரத்துக்கு வந்து காவிரியில் கலந்திருக்கின்றன என்பது நம்பிக்கை. மாதம் முழுக்கத் துலாக்கட்டத்தில் குளிக்க முடியாதவர்கள் கடைசி நாள் ஒரு முழுக்காவது போடுவார்கள். அது கடைமுழுக்கு. அதைவிட அருமையானது அடுத்த நாள். கால் நடக்காத ஒருவன் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவன் அழுததைப் பார்த்து அவனுக்காக இன்னும் ஒருநாள் கூடுதலாகக் கொடுத்தார்களாம். கார்த்திகை ஒன்றாம் தேதி முடவன் முழுக்கு. நம்முடைய சாமிகளுக்கு கிரேஸ் பீரியட் கொடுக்கத் தெரியும் என்று பி.காம். படிக்கிற காலத்தில் கிண்டலடித்திருக்கிறேன். அம்மா முறைப்பாள். வருஷம் தவறாமல் அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் போய் முழுகிவிட்டு வருவார்கள். அம்மா போன பிறகு அப்பா தனியாகப் போகிறார், அம்மாவின் அதே மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு.

"15-ஆம் தேதி ராத்திரி உங்களை வீட்டுத் திண்ணையில இறக்கி விட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

பையன் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று லெட்டர் அனுப்பினோம். (இதைப் படிக்கிற ஆசிரியர்கள் மன்னிக்க.) 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் ஏறி அப்பாவின் மஞ்சள் பையை அமுக்கிப் பார்த்தார். காரைக்கால் பஸ் என்றாலே பாட்டில் இருக்கும் என்று ஒரு கணக்கு. உள்ளே நொறுங்கியது முறுக்கு. "தீபாவளி முறுக்கு, எடுத்துக்குங்க" என்றார் அப்பா. அவர் எடுத்துக்கொண்டார்.

தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு. அங்கிருந்து மலை. கொண்டை ஊசி வளைவுகளில் பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயதில் அவர் பார்க்கிற முதல் மலை.

கொடைக்கானலே தப்பி வந்தவர்கள் கட்டிய ஊர்தான். மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், வெயிலும் நோயும் தாங்காமல் 1845-ல் மேலே வந்து வீடு கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் என்ற அதிகாரி ஓடைத் தண்ணீரைக் கரை கட்டி மறித்து ஏரியாக்கினார். அந்த ஏரியைச் சுற்றித்தான் இன்றைக்கும் சைக்கிளும் குதிரையும் பஜ்ஜியும். நாங்கள் அங்கே தங்கவில்லை. நண்பர் ஒருவர் சொன்ன யோசனைப்படி இன்னும் 18 கிலோ மீட்டர் உள்ளே தள்ளிப் பூம்பாறைக்குப் போய்விட்டோம்.

பூம்பாறையை நீங்கள் முதலில் ரோட்டின் வளைவிலிருந்துதான் பார்ப்பீர்கள். கீழே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி வீடுகள். சுற்றிலும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். ஒரு படி பச்சை, ஒரு படி கருமண், ஒரு படி மஞ்சள். யாரோ பாய் முடைந்து மலைமேல் காயப் போட்டது போல. ஜீப்பை நிறுத்தச் சொல்லி எல்லோரும் இறங்கினோம். மனைவி போட்டோ எடுத்தாள். பையன் 'வாவ்' என்றான்.

அப்பா மட்டும் கேட்டார்: "தண்ணி எங்கேருந்து வருது? எங்க போவுது?"

எங்களுக்கு அறை கொடுத்தவர் விவசாயி. வீட்டு மாடியில் இரண்டு அறை எழுப்பி வாடகைக்கு விடுகிறார். காரைக்கால் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "சரக்கு ஏதும் கொண்டாந்தீங்களா சார்?" என்றார் ரகசியமாக. முறுக்குத் தூள் மட்டும் இருக்கிறது என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் சொந்தக்காரர்கள்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். சாயங்காலம் ஐந்து மணிக்கே பனிமூட்டம் தெருவுக்குள் நடந்து வரும், மாடு வீடு திரும்புகிற மாதிரி. இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொள்வோம். காலையில் வெயில் விழுகிற இடமாகத் தேடி நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டு உட்கார்வோம். பூண்டுக் குழம்பும் சுடுசோறும். பூண்டு என்றால் கடையில் வாங்குகிற வெள்ளைப் பூண்டு இல்லை. சின்னதாக, உரித்தால் விரலில் இரண்டு நாளைக்கு மணம் நிற்கிற மலைப்பூண்டு. மறு வருஷம், 2019-ல், அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். செய்தி இல்லை, ஃபோன் இல்லை (சிக்னல் கோயில் வாசலில் மட்டும் வரும்). குழந்தை வேலப்பர் கோயிலுக்கு ஒருதரம் போனோம். சிலையைப் போகர் செய்தார் என்கிறார்கள். அப்பா விபூதியைப் பொட்டலமாக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

இலையுதிர்காலத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. சோலைக்காடு வருஷம் முழுக்கப் பச்சை. அதில் சிவப்பு தெரிந்தால் அது தளிர், சருகு இல்லை. பிளம்ஸ், பேரிக்காய் என்று வெளியிலிருந்து வந்த மரங்கள்தான் குளிருக்குப் பயந்து இலையைக் கொட்டுகின்றன. வீட்டுக்குப் பின்னால் ஒரு பேரிக்காய் மரம் பாதி மஞ்சளாக நின்றது. சொல்தா தாத்தாவை நினைத்துக்கொண்டு அதன் கீழே நின்று ஒரு போட்டோ. அந்த வருஷம் குறிஞ்சி பூத்த வருஷம். 1994, 2006, 2018. நாங்கள் போனபோது பூவெல்லாம் முடிந்து செடிகள் காய்ந்து நின்றன. "அறுத்த தாளாட்டம் இருக்கு" என்றார் அப்பா. அடுத்தது 2030 என்றேன். அவர் விரலை மடித்து எதையோ கணக்குப் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அப்பா சும்மா உட்காரவில்லை. முதல் நாள் காலையிலேயே ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், வீட்டுக்காரரின் மூன்றாவது படி வயலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பரில் அங்கே பூண்டு ஊன்றுகிற பருவம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பல் பல்லாக ஊன்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அப்பாவும் அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மங்க்கி கேப், இடுப்பில் துண்டு.

"மாமா, முதுகு பிடிச்சுக்கும்" என்று மனைவி கத்தினாள்.

"நாத்து நடுறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்மா. உக்காந்தே நடலாம்" என்றார்.

அவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடந்த உரையாடலைக் கேட்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு வடிகாலே வேணாம் போலருக்கே! மழை பேஞ்சா தானா எறங்கிடுது. நாங்க ஒரு சாண் தண்ணி வடியறதுக்கு ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கணும்."

"எறங்கிருதுங்கய்யா. ஆனா மண்ணையும் கூட்டிட்டுல்ல போயிருது."

"ஓ" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மண்ணுதான் எங்களுக்கு வருது போல" என்றார்.

"வரும்ங்கய்யா. இந்தப் பக்கம் வடக்க எறங்குற தண்ணியெல்லாம் அமராவதிக்குப் போயிரும்."

அமராவதி கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்கிறது என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். பத்திரிகைக்காரன் புத்தி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாய்க்காலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

செலவு நோட்டில் அன்றைக்கு நான் எழுதியது இன்னும் இருக்கிறது: 'ரூம் 1,200. ஜீப் 400. அப்பா சிரித்தார் - 3 தடவை.'

நாங்கள் பஸ் ஏறிய அதே ஞாயிற்றுக்கிழமைதான் வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் புயலானது. இலங்கை கொடுத்திருந்த பெயர்: கஜா. வீட்டுக்காரர் வீட்டு டி.வி.யில் அந்த வெள்ளைச் சுழி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. முதலில் வடக்கே போகும் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் என்றார்கள். கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் வேறு யார் இருக்கிறார்கள்? நாங்கள்தான்.

புதன்கிழமை ராத்திரி அப்பா மஞ்சள் பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டார். "காலைல முதல் ஜீப்புல கெளம்பிடுவோம்."

வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் கரையைக் கடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் கிளம்பினால் சரியாகப் புயலோடு சேர்ந்து நாங்களும் ஊருக்குள் நுழைவோம். எட்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு. கோயில் வாசலில் நின்று அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "நீங்க வராதீங்க, அங்கேயே பத்திரமா இருங்க" என்றாள்.

"நான் மட்டும் போறேன்" என்றார் அப்பா.

"தனியாவா? பஸ் ஓடுமான்னே தெரியலை."

"நான் அங்க இருக்கணும்."

"இருந்து என்ன பண்ணுவீங்க? காத்தைக் கையால பிடிச்சு நிறுத்துவீங்களா?"

சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது. வீட்டுக்காரர் டி.வி.யின் ஒலியைக் குறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா என்னைப் பார்க்காமல், பையைப் பார்த்துச் சொன்னார்:

"மாட்டை அவுத்து விடுவேன்."

1977 நவம்பரில், தீபாவளியை ஒட்டி நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயல். எனக்கு அப்போது ஒரு வயது. அம்மாவையும் அக்காவையும் என்னையும் அப்பா பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கொட்டகை சரிந்துவிட்டது. உள்ளே கட்டிக்கிடந்த இரண்டு உழவு மாடும் போய்விட்டன. இந்தக் கதையை அம்மாதான் சொல்வாள். அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நாங்கள் போகவில்லை. என் முடிவு அது. வியாழன் முழுக்க அப்பா நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. பார்க்கச் சகிக்கவில்லை.

வியாழன் நள்ளிரவு தாண்டி, வெள்ளிக்கிழமை விடிவதற்குள், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரை ஏறியது. அத்தோடு ஓயும் என்றுதான் நினைத்தேன். கரை ஏறிய புயல் வலுவிழந்துவிடும் என்று எத்தனை தடவை செய்தி எழுதியிருக்கிறேன்! அது டெல்டாவைத் தாண்டி, திண்டுக்கல் ஜில்லாவுக்குள் நுழைந்து, கிட்டத்தட்ட நாங்கள் வந்த திசையிலேயே வந்து, வெள்ளிக்கிழமை பகலில் மலை ஏறியது. பஸ் பிடித்து வந்தது போல.

காற்றில் அந்த மாடி அறை ஆடியது. தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து மூன்று படி தாண்டி விழுந்தது. கரண்ட் போனது. யூகலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம், தூரத்தில் வெடி போடுகிற மாதிரி. தீபாவளி இன்னும் முடியவில்லையா என்று பையன் கேட்டான். வீட்டுக்காரரின் மனைவி எங்களைக் கீழே சமையலறைக்கு வரச் சொல்லி அடுப்பைச் சுற்றி உட்கார வைத்தார். மலைக்காரர்கள் முகத்தில் பயம் இருந்தது. இவ்வளவு காற்றை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் அப்பா எழுந்தார். காற்று அவருக்குத் தெரிந்த ஆள். கதவுக்கு முட்டுக் கொடுத்தார். எந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று சொன்னார். "கொட்டாயில மாடு இருக்கா?" என்று கேட்டார். இரண்டு இருந்தன. வீட்டுக்காரரும் அவருமாகத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி, கயிற்றை அவிழ்த்து மாடுகளை வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஓட்டி வந்தார்கள். அந்தக் கொட்டகை விழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் கடைமுழுக்கு. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா என்னை எழுப்பினார். வெளியே துடைத்து விட்ட மாதிரி வானம். சாலை முழுக்க மரங்கள். பேரிக்காய் மரத்தில் ஒரு இலை இல்லை.

"இன்னிக்குத் தேதி என்ன?"

"17."

"கார்த்திகை ஒண்ணு" என்றார். கையில் சொம்பு. தோளில் துண்டு.

வாய்க்கால் கலங்கி, செம்மண் நிறத்தில் ஓடியது. அந்தக் குளிரில் அவர் வேட்டியோடு கரையில் உட்கார்ந்து, மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். முதல் சொம்புக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று நான் பயந்தேன். மூன்று சொம்பு. பிறகு சொம்பை என்னிடம் நீட்டினார். நானும் ஊற்றிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். எலும்பு வரைக்கும் ஏறிய குளிர் அது. இரண்டு பேருக்கும் பல் கிட்டிப் பேச முடியவில்லை. வீட்டுக்காரரின் மனைவி திட்டிக்கொண்டே பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தார். திட்டு எனக்கு, ரசம் இரண்டு பேருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மரங்களை அறுத்து வழி விட்டார்கள். கொடைக்கானலுக்கு வந்ததும்தான் அக்காவிடம் பேச முடிந்தது. நாலு தென்னை சாய்ந்துவிட்டது. ஓடு பாதி போய்விட்டது. கொட்டகை தரைமட்டம்.

"மாடு?"

"அவரு ராத்திரி பதினோரு மணிக்கு மழையில சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போயி அவுத்து விட்டுட்டு வந்தாருடா. அப்பா வியாழக்கெழமை யார் ஃபோன்லேருந்தோ பேசிச்சாம். 'மாப்பிள்ளை, மாட்டை மட்டும் அவுத்து விட்டுடுங்க'ன்னு. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பையன் குதிரை வேண்டும் என்று அவர் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை திரும்பினோம். திருவாரூரைத் தாண்டியதும் சாய்ந்த கம்பங்களும் முறிந்த மரங்களும். எங்களைவிட வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம்தான் அடி அதிகம். பிள்ளை மாதிரி வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அந்தச் செய்திகளைப் பிறகு நான் நேரில் போய் எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஆறு மா சம்பா தப்பித்தது. இளம்பயிர், காற்றுக்கு வளைந்து கொடுத்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயலுக்குப் போனார். பையைத் திண்ணையில் வைத்தது நான்.

பையில் விபூதிப் பொட்டலத்தோடு ஒரு கை மலைப்பூண்டும் இருந்தது. கிணற்றடியில் ஊன்றினார். முளைத்தது. தாள் நன்றாகத்தான் வந்தது. தையில் பிடுங்கிப் பார்த்தால் கீழே வெங்காயத்தாள் மாதிரி வெறும் வெள்ளைத் தண்டு. குளிர் போதாமல் பூண்டு கட்டவில்லை. "அது என்ன பண்ணும், பாவம்" என்று அதையும் ரசத்தில் போட்டார்.

அடுத்த வருஷம் ஆவணி மாதம் ஒருநாள், ஆபீஸில் தலைபோகிற வேலையாக இருக்கும்போது அப்பாவிடமிருந்து ஃபோன்.

"காலண்டர் இருக்கா அங்க?"

"என்னப்பா விஷயம்?"

"இந்த வருஷம் கடைமுழுக்கு என்னிக்கு வருதுன்னு பாரு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போயிட்டு வந்துடலாம். அவரு பூண்டு ஊன்றதுக்கு ஆள் கெடைக்கலைன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."